பட்டறைக் காயும் டப்பா விதையும்

2023 ஜூலையில் சென்னைச் சில்லறைக் கடைகளில் சின்ன வெங்காயம் கிலோ 150 ரூபாயைத் தாண்டி விற்றது. பட்டறையில் காய் வைத்திருந்த விவசாயிக்கு அது நல்ல காலம். அடுத்த பட்டத்துக்கு நடக் காய் தேடி அலைந்தவருக்கோ அதே விலைதான் தலையில் விழுந்த இடி. சின்ன வெங்காயத்தில் தின்பதும் காய்தான், நடுவதும் காய்தான். சந்தையில் விலை ஏறினால் விதைச் செலவும் கூடவே ஏறுகிறது.

ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ விதைக்காய் வேண்டும். கிலோ 30 ரூபாய்க்குக் கிடைத்தால் 500 கிலோவுக்கு 15,000 ரூபாயோடு முடியும். அதே காய் 100 ரூபாய் என்றால் 50,000. உரம், மருந்து, களையெடுப்பு என்று எதுவும் தொடங்கும் முன்பே இந்தப் பணம் மண்ணுக்குள் போய்விடுகிறது. விலை ஏறியதைப் பார்த்து ஊரே நடுகிறது. 65, 70 நாளில் எல்லார் காயும் ஒன்றாகச் சந்தைக்கு வருகிறது. கூடின விலைக்கு வாங்கி நட்டவர் குறைந்த விலைக்குக் கொட்டிவிட்டு வீடு திரும்புகிறார். வெங்காயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர் யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வார்.

இதிலிருந்து தப்ப வேண்டுமானால் நடவுப் பொருளைக் காசு கொடுத்து வாங்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அறுவடையில் ஒரு பங்கைப் பட்டறை போட்டுக் காயாகவே காப்பது பாட்டன் காலத்து வழி. செடியைப் பூக்கவிட்டு, கறுப்பு விதை எடுத்து டப்பாவில் அடைத்து, பின்னர் நாற்று விட்டு நடுவது இன்னொரு வழி. சின்ன வெங்காயத்தில் இது நம் பக்கத்துக்கு வந்து கால் நூற்றாண்டுதான் ஆகிறது. இரண்டுமே வீட்டு விதைதான். ஆனால் இரண்டிலும் வேலை வேறு, ஆபத்து வேறு. கம்பம் பள்ளத்தாக்கின் மண்ணையும் மழையையும் வைத்துப் பார்த்தால் எது எங்கே பொருந்தும் என்பதே இங்கே கேள்வி.

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் வெளியூர்க்காரர் கண்ணில் வருவது முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் 14,707 ஏக்கரில் விளையும் இருபோக நெல்லும், திராட்சைப் பந்தலும்தான். வெங்காயத்துக்கு அந்த வயல் ஆகாது. வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அதன் இடம் ஆற்றைவிட்டு விலகிய கிணற்றுத் தோட்டங்கள். சின்னமனூருக்குக் கிழக்கே ஓடைப்பட்டி வட்டாரம், மேற்கே தேவாரம் வட்டாரம், பள்ளத்தாக்கைத் தாண்டினால் ஆண்டிபட்டிப் பக்கம். எல்லாமே கிணற்றையும் ஆழ்குழாயையும் நம்பிய நிலம். அங்கே ஒரு பயிர் எத்தனை டன் விளைகிறது என்பதைப் போலவே, எத்தனை நாள் தண்ணீர் கேட்கிறது என்பதும் பெரிய விஷயம். விளைந்த காய் ஒட்டன்சத்திரம், மதுரைச் சந்தைகளுக்கும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்கும் போகிறது. உள்ளித் தீயல் இல்லாமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வகையில் நமக்கு அவர்கள் பெரியாற்றுப் பங்காளிகள் மட்டுமல்ல, வாடிக்கைக்காரர்களும்கூட.

முதலில் காயைப் பார்ப்போம்.

காயின் பெரிய பலம், அது ஏமாற்றாது. நட்டது எதுவோ அதுவே விளையும். ஒரு காய் நான்காக, ஆறாகப் பிரிந்து குத்தாக வளரும். அத்தனையும் தாயின் அதே உடம்பு. மகரந்தம் இல்லை, ஆகவே கலப்பும் இல்லை. நிறம், காரம், பருமன், அறுவடைக்கு வரும் நாள் எல்லாம் போன பட்டத்தைப் போலவே இருக்கும். தோட்டம் முழுவதிலும் ஒரே ஒரு குத்து மட்டும் மிக நன்றாக இருந்தால்கூட அதைத் தனியே எடுத்து வைத்துப் பெருக்கிக்கொண்டே போகலாம். நாட்டு ரகங்கள் இப்படித்தான் தலைமுறை தாண்டி வந்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோயம்புத்தூரிலிருந்து தந்த கோ 1 முதல் கோ 4 வரையிலான ரகங்களும், மதுரையில் உருவான எம்.டி.யு. 1 ரகமும் காய் நட்டுப் பெருக்கியவைதான்.

அதைக் காப்பது ஒரு கலை. தாளோடு பிடுங்கி, ஒரு வரிசைக் காயை அடுத்த வரிசைத் தாள் மூடும்படி தோட்டத்திலேயே பரப்பி, சில நாள் வாடவிட வேண்டும். கழுத்து காய்ந்து சருகு பிடித்த பிறகுதான் பட்டறைக்கு ஏற்ற வேண்டும். தரையிலிருந்து கல்லோ கட்டையோ கொடுத்து உயர்த்திய அடித்தளம், சுற்றிலும் காற்றுப் புகும் குச்சி அடைப்பு, மேலே ஓலை. பட்டறை நீளமாக இருக்கலாம். அகலமாக இருந்தால் நடுவில் புழுங்கி அழுகல் தொடங்கும். இங்கே ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வீசும் காற்று ஆளைத் தள்ளும் என்றாலும் பட்டறைக்கு அதுவே வைத்தியர். ஐப்பசி அடைமழையில் அந்த வைத்தியர் ஊரில் இருப்பதில்லை.

அறுத்த காயை உடனே நட்டால் சீராக முளைக்காது. அதற்கு இரண்டு மூன்று மாத உறக்கம் உண்டு. அந்த இடைவெளியில் எடை குறையும், சில அழுகும், சில முளைவிட்டு வீணாகும். கால் பங்குக்கு மேல் போவது எவருக்கும் புதிதல்ல. 500 கிலோ நட வேண்டியவர் 700 கிலோவாவது ஏற்றி வைத்தால்தான் நிம்மதி.

ஆனால் பட்டறைக் காயை அதிகம் தின்பது அழுகல் அல்ல, விலை. விதைக்காய் என்பது எப்போது வேண்டுமானாலும் விற்கக்கூடிய பொருள். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளில், சொசைட்டிக் கடன் தவணை முடியும் நாளில், வியாபாரி வாசலில் வந்து நின்று கிலோ 80 என்று சொன்னால், அடுத்த பட்டத்துக்கு என்று ஒதுக்கியது மூட்டையேறிவிடும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் பணமிருப்பவர் மட்டுமே விதைக்காயைக் காப்பாற்ற முடியும் என்பதே நிலவரம். பிறகு நடவு நேரத்தில் அதே காயைக் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்க வேண்டும். கறுப்பு விதைக்கு இந்தச் சோதனை இல்லை. டப்பாவில் உள்ள ஒரு கிலோ விதையைக் குழம்பில் போட முடியாது, கமிஷன் கடைக்கும் கொண்டுபோக முடியாது. விவசாயிகளிடம் விதைச் சேமிப்பு ஏன் நிலைக்கவில்லை என்று ஆராய்பவர்கள் முளைப்புத்திறனைப் பார்க்கும் அளவுக்கு இதைப் பார்ப்பதில்லை.

காயின் இரண்டாவது பலவீனம் நோய். அதே உடம்பு தொடர்கிறது என்றால் அந்த உடம்பில் உள்ள சீக்கும் தொடர்கிறது. அடித்தாள் அழுகலைத் தரும் ஃபுசேரியம் பூஞ்சணம் மண்ணில் கிடப்பதோடு காயின் அடித்தட்டிலும் ஒட்டிக்கொண்டு வரும். வெளியே பார்க்க நல்ல காயாகத்தான் இருக்கும். நட்ட நாற்பதாம் நாளில் தாள் நுனி மஞ்சளாகி, இழுத்தால் வேர் இல்லாமல் கையோடு வரும். தாளை முறுக்கிப் போடும் திருகல் நோயும் காய் வழியாகப் பரவும். இவற்றுக்காவது மருந்து உண்டு. வெங்காயத்தைக் குட்டையாக்கி மஞ்சள் கோடு போடும் வைரஸ் காய்க்குள் புகுந்துவிட்டால் எந்த மருந்தும் வெளியேற்றாது. அசுவினி அதைச் செடிக்குச் செடி எடுத்துச் செல்கிறது, காய் அதைப் பட்டத்துக்குப் பட்டம் கடத்துகிறது. பத்து ஆண்டுக்கு முன் ஐந்து டன் எடுத்த நிலத்தில் இப்போது நான்கைத் தாண்டவில்லை என்று புலம்புபவர் மண்ணையும் உரத்தையும் சந்தேகிப்பார். தன் காயைச் சந்தேகிப்பதில்லை. அது அப்பா வைத்துவிட்டுப் போன காய் அல்லவா!

இனி விதை.

பழைய சின்ன வெங்காய ரகங்கள் நம் சமவெளியில் சரியாகப் பூப்பதில்லை. பூத்தாலும் விதை பிடிப்பது அரிது. அதனால்தான் காயைத் தவிர வேறு வழியில்லாமல் இருந்தது. 2001இல் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 5 இதை மாற்றியது. தாராளமாகப் பூத்து விதை கட்டும் ரகம் அது. இளஞ்சிவப்புக் காய், பருமன் கூடுதல், 90 நாள், எக்டேருக்கு 18.9 டன் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. நம் தோட்டத்தில் அந்த டன்னை எதிர்பார்க்க வேண்டாம். கவனிக்க வேண்டியது விதையளவைத்தான். எக்டேருக்கு 2.5 கிலோ, அதாவது ஏக்கருக்கு 1 கிலோ.

500 கிலோ செய்யும் வேலையை 1 கிலோ எப்படிச் செய்யும்? ஒரு கிராமில் ஏறக்குறைய 300 விதை, ஆக கிலோவுக்கு 3 லட்சம். 45 செ.மீ. பார் பிடித்து, இரு பக்கமும் 10 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குத் தேவைப்படுவது 1.8 லட்சம் நாற்று. நூற்றுக்கு எழுபது முளைத்து, நாற்றங்காலில் கொஞ்சம் செத்தாலும் மிச்சம் போதும். காயின் கணக்கும் இதே இடைவெளியில் நிற்கிறது: 500 கிலோவை 1.8 லட்சம் காய்க்கு வகுத்தால் காய்க்கு மூன்று கிராம்கூட வராது. தண்ணீரும் சதையுமாக நாம் தூக்கிச் சுமப்பதை விதை ஒரு பொட்டில் அடக்கிவிடுகிறது.

அந்த ஒரு கிலோவை வீட்டிலேயே எடுக்கப் பெரிய நிலம் வேண்டாம். இரண்டு சென்ட்டும், ஐந்தாறு கிலோ தாய்க்காயும் போதும். ஐப்பசியில் ஊன்றினால் கார்த்திகை, மார்கழிக் குளிரில் தண்டு நீளும். தண்டு உள்ளே குழலாக, நுனியில் வெள்ளைப் பூப்பந்தாக நிற்கும். ஒரு பந்தில் நூற்றுக்கணக்கான பூக்கள், அவையும் ஒரே நாளில் மலர்வதில்லை. மாசி வாக்கில் சில கூடுகள் வெடித்துக் கறுப்பு தெரியத் தொடங்கும்போதே பந்தை அறுக்க வேண்டும். முழுதும் வெடிக்கட்டும் என்று காத்திருந்தால் பாதி விதையைக் காற்று மண்ணில் கொட்டிவிடும். எல்லாத் தண்டும் ஒன்றாக முற்றாது என்பதால் இரண்டு மூன்று முறை அறுக்க நேரும். தார்ப்பாயில் உலர்த்தி, கையால் தேய்த்து, முறத்தில் புடைத்தால் வேலை முடிந்தது. வீட்டுப் பெண்கள் இதை ஆண்களைவிடச் சுத்தமாகச் செய்கிறார்கள்.

கடினம் மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது கலப்பு. வெங்காயப் பூவில் ஆண்பாகம் முதலில் முதிர்ந்து மகரந்தத்தை உதிர்த்துவிடும், பெண்பாகம் பிறகுதான் தயாராகும். ஆகவே தேனீ கொண்டுவரும் அயல் மகரந்தம் வேண்டியிருக்கிறது. அந்தத் தேனீ பல்லாரி வெங்காயப் பூவிலிருந்து வந்தாலும் வேலை நடந்துவிடும். சின்னதும் பல்லாரியும் ஒரே இனம். சான்று விதைக்கு 500 மீட்டர், ஆதார விதைக்கு 1,000 மீட்டர் தனிமை வேண்டும் என்கிறது விதிமுறை. மூன்று ஏக்கர்க்காரர் 500 மீட்டருக்கு எங்கே போவார் என்று கேட்கலாம். ஆனால் இங்கே நமக்கு ஒரு சலுகை உண்டு. தொல்லை தருவது வெங்காயமல்ல, வெங்காயப்பூ. பக்கத்துத் தோட்டக்காரர் 65 நாளில் பிடுங்கி விற்றுவிட்டால் அவர் பயிர் பூப்பதே இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப் பார்க்கும் தண்டுகளைக் கிள்ளச் சொன்னால் போதும். வெங்காயப்பூப் பொரியலுக்கு ஆகும். ஏட்டில் பயமுறுத்தும் அந்தத் தூரம் நடப்பில் அக்கம்பக்கத்தாரிடம் பேசித் தீரக்கூடியது. பூக்கும் மாதத்தில் இலைப்பேனுக்கு என்று நஞ்சு அடித்துத் தேனீயைக் கொல்லாமல் இருக்கச் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டம்.

இரண்டாவது, தாய்க்காயின் எண்ணிக்கை. நல்ல காய் பத்தைப் பொறுக்கி விதை எடுத்தால் பிரமாதமாக இருக்கும் என்று தோன்றும். காய் வழியில் அது சரி. விதை வழியில் அது கேடு. நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்தால் வெங்காயம் இரண்டு மூன்று தலைமுறையில் வீரியம் இழந்து சிறுத்துவிடும். குறைந்தது நூறு, முடிந்தால் இருநூறு தாய்ச்செடி பூக்க வேண்டும். நெல்லிலும் தக்காளியிலும் பழகிய கை இங்கேதான் தடுமாறுகிறது. அவை தம் மகரந்தத்திலேயே பிழைப்பவை.

மூன்றாவது, ஆயுள். காய்கறி விதைகளிலேயே சீக்கிரம் சாகும் விதைகளில் வெங்காயம் ஒன்று. நம் வெயிலில், துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு வருடத்தில் முளைப்பு சரிந்துவிடும். ஈரப்பதம் 1 சதவீதம் குறைய விதையின் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைய மறுபடி இரட்டிக்கும் என்று ஹாரிங்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்ன கட்டைவிரல் கணக்கு ஒன்று உண்டு. நன்றாக உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைப்பது அந்தக் கணக்கின்படி சரியான வேலை. உலராத விதையைக் காற்றுப் புகாமல் அடைப்பது அதைக் கொல்வதற்குச் சமம்.

நாள் கணக்கில் விதை தோற்கிறது, மறைக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் 40, 45 நாள். நட்ட பின் 90 நாள். காய் ஊன்றியவர் இரண்டு பட்டம் எடுக்கும் நேரம் அது. நாற்றங்கால் நாட்களில் தண்ணீர் ஓரிரு சென்ட்டுக்குத்தான் என்றாலும், நட்ட பிறகும் இருபத்தைந்து நாள் கூடுதலாகக் கிணறு ஈடுகொடுக்க வேண்டும். நடவு ஆளும் கூடுதல். காயை ஊன்றிக்கொண்டே போகலாம். முடி போன்ற நாற்றைப் பிடித்து நட விரல் பழக வேண்டும். நாற்றில் வந்த காயில் நீர்ச்சத்து கூட, பட்டறையில் அதிக நாள் நிற்காது என்பது விவசாயிகளின் பரவலான குறை. குத்தில் எண்ணிக்கை குறைந்து காய் உருண்டையாக, பெரிதாக வருவதால் வியாபாரி புரட்டிப் பார்த்தே நாற்றுக்காய் என்று சொல்லிவிடுவார்.

இந்த அடையாளச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. பிரான்சில் நம் சின்ன வெங்காயத்தின் உறவான ஷாலட்டுக்குப் பெரிய மதிப்பு. காய் நட்டு வந்தது மட்டுமே ஷாலட் என்று 1990இல் அந்நாட்டு அரசு ஆணை போட்டது. நெதர்லாந்து நிறுவனங்கள் அம்பிஷன், மாட்டடோர் என்று விதையிலிருந்து வளரும் ரகங்களை உருவாக்கி விற்க வந்தபோது சண்டை மூண்டு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2006 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. விதையில் வந்ததையும் அந்தப் பெயரில் விற்பதைத் தடுக்க முடியாது, வாங்குபவருக்கு வேறுபாடு தெரிய வேண்டுமானால் லேபிளில் எழுதினால் போதும் என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு என்பேன். ஆனாலும் பிரெஞ்சு விவசாயியின் வாதத்திலும் பொருள் இருந்தது. தாயிலிருந்து பிரிந்த தழும்பு காயின் அடியில் தெரியும், ருசியும் வேறு என்றார் அவர். கோ 5 காயில் காரம் குறைவு என்று நம் பெண்கள் சொல்வதும் அந்த ரகந்தான்.

இந்தோனேசியாவின் பிரெபெஸ் வட்டாரத்தில் நிலைமை இன்னும் நமக்கு நெருக்கம். அங்கும் காய் நடவுதான். அங்கும் எக்டேருக்கு ஒரு டன்னுக்கு மேல் காய் போகிறது. அதனால் அரசே விதை வழியை ஊக்குவிக்கிறது. ஜாவாவின் தாழ்நிலத்தில் பூ வராததால், தாய்க்காயை 10 டிகிரிக் குளிரில் ஒரு மாதம் வைத்து, மலைப்பகுதியில் நட்டுப் பூக்கவைக்கிறார்கள். கோ 5க்கு அந்தச் செலவு தேவையில்லை. நம் பனிக்காலமே போதும்.

பல்லாரி வெங்காயத்துக்கு வருவோம். அது எப்போதும் விதைப் பயிர்தான். திறந்த மகரந்தச் சேர்க்கை ரகமாக இருந்தால் மேலே சொன்ன முறையில் விதை எடுக்க முயலலாம். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதை என்றால் வேண்டாம். 1925இல் கலிபோர்னியாவில் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர், மகரந்தம் இல்லாத ஒரே ஒரு வெங்காயச் செடியைக் கண்டார். உலகின் வெங்காய ஒட்டு விதைத் தொழில் அந்த மலட்டுச் செடியிலிருந்து கிளைத்தது. அந்தப் பரம்பரையில் வந்ததிலிருந்து நாம் விதை எடுத்தால் பெரிதும் சிறிதும் கலந்து வரும், சில பூ மகரந்தமே தராது. மற்றபடி, விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் அண்டை அயலாருடன் மாற்றிக்கொள்ளவும், நிறுவன முத்திரை போடாமல் விற்கவும் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு நமக்கு உரிமை தந்திருக்கிறது. கடைக்காரர் சொல்லும் பயமுறுத்தலுக்கு மசிய வேண்டாம்.

இரண்டையும் எடை போட்டால் என் பார்வை இது. ஆண்டுதோறும் நாற்றே விட வேண்டும் என்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. கிணற்று நீரை நம்பிய ஓடைப்பட்டித் தோட்டத்துக்கு 65 நாள் காய்ப் பயிரே ஏற்றது. ஆனால் அந்தக் காயை இருபது ஆண்டு அப்படியே சுற்றிக்கொண்டிருப்பதும் தவறு. காயில் குணம் நிற்கிறது, நோயும் நிற்கிறது. விதையில் வைரஸ் கழன்றுவிடுகிறது, குணம் கொஞ்சம் நழுவுகிறது. விதையின் மேல் ஒட்டிவரும் கரும்பூசணம் போன்றவற்றுக்கு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் பெரும்பாலும் அடங்கும். ஆகவே மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை விதை வழியாகப் புதுக் காய் உண்டாக்கி, இடைப்பட்ட பட்டங்களில் அந்தக் காயை நட்டு ஓட்டுவதே இந்தப் பள்ளத்தாக்குக்குத் தோதான வழி.

நம் மழைக் கணக்கும் இதற்கு ஒத்து வருகிறது. மாசியில் எடுத்த விதையைச் சித்திரையில் மேட்டுப்பாத்தியில் விடலாம்; விதைக்கு அப்போது வயது இரண்டு மாதம், முளைப்பு குறைந்திருக்காது. வைகாசிக் கடைசியில் நடவு, ஆவணியில் அறுவடை. ஐப்பசி மழைக்கு முன் காய் காய்ந்து பட்டறை ஏறிவிடும். உறக்கம் கலைந்து ஐப்பசி பட்டத்துக்கே அது விதைக்காயாக நிற்கும். நாற்றுக்காய் நெடுநாள் நிற்காது என்ற குறை இந்தச் சுற்றில் பெரிதாக அடிபடாது, அதற்கு இரண்டு மாதம் நின்றால் போதும். முழு ஏக்கருக்கும் நாற்று விடத் தேவையில்லை. ஒரு கிலோ பத்து கிலோவாகும் பயிர் இது. பத்து சென்ட் நாற்றுக்காய் கிடைத்தால் அடுத்த நடவில் ஏறக்குறைய ஓர் ஏக்கரை எட்டும்.

பழைய நாட்டு ரகம் வைத்திருப்பவருக்கு இந்த யோசனை பயன்படாது, அது பூக்காது. அதைக் கைவிட வேண்டாம். திருகலும் மஞ்சளும் தெரிந்த குத்துகளைப் பயிர் நிற்கும்போதே பிடுங்கி எறிந்து, மிச்சத்திலிருந்து விதைக்காய் ஒதுக்குவது ஒன்றே அதற்குள்ள மருந்து. அறுவடைக்குப் பிறகு பொறுக்கினால் எது சீக்காளி என்று தெரியாது.

விதை எடுக்க நினைப்பவர் முதல் தடவை தாய்க்காயைச் சந்தையில் வாங்க வேண்டாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ, காமாட்சிபுரத்து வேளாண் அறிவியல் மையத்திலோ கோ 5 எங்கே கிடைக்கும் என்று விசாரித்து ரகம் தெரிந்து தொடங்குங்கள். தனியாகச் செய்வதைவிட ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தில் விதைப்பாத்தி போட்டு, மற்றவர்கள் தங்கள் தோட்டத்துப் பூத்தண்டைக் கிள்ளுவதாக ஒப்புக்கொள்வது நல்லது. நாற்றங்கால் விடும் முன் நூறு விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பன்னிரண்டு நாள் பாருங்கள். எழுபதுக்குக் குறைவாக முளைத்தால் அளவைக் கூட்டிப் போடுங்கள். ஐம்பதையும் தொடவில்லை என்றால் அந்த டப்பாவை நம்பி ஒரு பட்டத்தைப் பணயம் வைக்காதீர்கள்.